மருதடித் தெருவின் மண்டகப்படி

பூவங்குறிச்சி மருதடித் தெருவில் மரம் மனுசர் கையைப் பிடிக்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அன்று குழாயில் தண்ணீர் வரும் நாள், தெருவே குடமும் கையுமாக வெளியில் நின்றது, அதனால் பிற்பாடு நான் பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க ஒருவருக்கும் வழியில்லாமல் போயிற்று. சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் கிழக்கேயிருந்து ஒவ்வொரு மரமாகச் சாய்த்துக்கொண்டே வந்து, பெட்ரோல் பங்கு தாண்டி, மாதா கோயில் தாண்டி, வாய்க்கால் பாலமும் தாண்டி, தெருமுனைக்குச் சற்று உள்ளே நிற்கும் பெரிய மருதமரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். அதற்குப் பின்னால் வாய்க்கால் கரையில் இன்னும் எட்டு மருதமரங்கள். முன்னால் நிற்பதைச் சாய்த்தால்தான் வண்டி உள்ளே வரும், வண்டி உள்ளே வந்தால்தான் மற்ற எட்டும் விழும் என்பது பார்த்தாலே தெரிகிற சங்கதி.

தெருச் சங்கத்துத் தலைவர் சங்கரபாண்டி அண்ணாச்சி, இரும்புக்கடை வைத்திருப்பவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தில் ஒரு கையை ஊன்றியபடி, "எங்க பாட்டன் பூட்டன் காலத்து மரம்வே இது. இதுல ஒரு இலை உதிரணும்னாலும் எங்கள்ட்ட கேட்டுட்டுத்தான் உதிரணும்" என்று மேற்பார்வையாளரிடம் சத்தம் போட்டார். போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டதில் அவருக்கு நல்ல திருப்தி. நம் கடமை முடிந்தது, இனி அவர்கள் பாடு மரத்தின் பாடு, கடையைத் திறக்கலாம் என்று திரும்பினார். கை வரவில்லை.

நல்லெண்ணெய் ஊற்றினார்கள், சோப்புத் தண்ணீர் ஊற்றினார்கள், தீயணைப்பு வண்டி வந்து பார்த்துவிட்டு இது எங்கள் வேலையில் சேராது என்று போய்விட்டது. வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "வலியெல்லாம் இல்ல. உள்ளுக்குள்ள தண்ணி ஏறுது, அது கையில தெரியுது, அம்புட்டுதான்" என்றார் அண்ணாச்சி, கொஞ்சம் வெட்கத்தோடு. ஆள் ஒட்டியிருக்கிற மரத்தை அறுக்க முடியாது என்று மேற்பார்வையாளர் எங்கெங்கோ போன் பேசி, மேலிடத்திலிருந்து பதில் வரும்வரை இங்கேயே கிட என்று ரம்பக்காரரையும் வண்டியையும் மரத்தடியிலேயே விட்டுவிட்டுப் போனார். ரம்பக்காரர் பெயர் சவரிமுத்து. திண்டுக்கல் பக்கம். அதிகம் பேசாத ஆள். அவர் பாட்டுக்கு வண்டி நிழலில் துண்டை விரித்துப் படுத்தார்.

மத்தியானம் அண்ணாச்சியின் மனைவி கோமதியம்மாளுக்குப் பொறுமை போயிற்று. "சோறு ஆறுது, கூத்தடிச்சது போதும்" என்று ஒரு கையை மரத்தில் ஊன்றி மறுகையால் புருசனை ஓங்கி இழுத்தாள். அண்ணாச்சி மல்லாக்க விழுந்தார். கோமதியம்மாளின் கை மாட்டிக்கொண்டது. இப்படித்தான் மரத்தின் சட்டம் தெருவுக்குத் தெரியவந்தது. அதற்கு ஒரு கை வேண்டும். யார் கை என்பதில் அதற்குப் பிடிவாதம் கிடையாது. புதுக் கை வந்தால் பழைய கையை விட்டுவிடும், வராவிட்டால் விடாது.

இது எப்படி நடக்கும், ஏன் நடக்கிறது என்று யாராவது வாயைப் பிளந்தார்களா என்றால், இல்லை. அடுத்து யார் என்பதுதான் கேள்வி. வேறு ஊராக இருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பார்கள். இந்தத் தெருவோ மண்டகப்படி கொடுத்துப் பழகிய தெரு. பங்குனித் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டின் மண்டகப்படி, அன்றைக்கு அம்மன் புறப்பாட்டுச் செலவெல்லாம் அந்த வீட்டோடது, அந்த வீட்டுப் பெரியவர் தலையில்தான் பட்டுப் பரிவட்டம் கட்டுவார்கள், முதல் விபூதி அவருக்குத்தான், அந்த நாளில் வேறு வீட்டார் ஒரு விளக்கை ஏற்றிவிட்டால்கூட வெட்டுக்குத்து வரைக்கும் போகும். அதே மாதிரி மரத்துக்கும் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்தார்கள். நாள் பிரிக்கையில் நடந்த சண்டை இருக்கிறதே, வெள்ளிக்கிழமை எங்களுக்கு வேண்டும் என்று ஒரு வீடு, அமாவாசையை விடமாட்டோம் என்று ஒரு வீடு, பெரியவன் இருக்க இளையவனுக்கு எப்படி முதல் நாள் என்று ஒரே வீட்டுக்குள் இரண்டு வீடு. கடைசியில் எல்லாம் தீர்ந்து, கை வைக்கப்போகிறவருக்குப் பரிவட்டம் கட்டி, மேளம் முன்னால் போக, தெரு பின்னால் போக, காலையில் ஒரு கை வந்து முந்தின நாள் கையை விடுவிக்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

தெருவில் ராமசுப்பு என்று ஒரு இளம் வக்கீல். அவன் ஒருவன் மட்டும் கூட்டத்தில் எழுந்து, "கை இருக்குத வரைக்கும் சரி. அதுக்குள்ள கலெக்டர்ட்ட மனுக் குடுப்போம், மரத்துக்குன்னு அங்க ஒரு கமிட்டி இருக்கு, கோர்ட்டுல தடை வாங்குவோம், ரோட்டை அந்தப் பக்கமா வளைச்சுப் போட இடம் கிடக்கு, அதை அளந்து காட்டுவோம்" என்றான். அதற்கு அண்ணாச்சி, "மரமே தடை உத்தரவு போட்டிருக்கு, கோர்ட்டு என்னத்துக்குவே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மனுவில் கையெழுத்துப் போட வரச் சொன்னால், நாளைக்கு, நாளைக்கு என்றார்கள். மரத்தில்தான் ஒரு கை இருக்கிறதே.

உலகம்மாளுக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. அவள் அண்ணாச்சி வீட்டுப் பின்கட்டில் தகரம் போட்ட ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவள். லாரி ஓட்டின புருசன் செத்துப்போனபின் இட்லிமாவு ஆட்டி விற்று மகள் பேச்சியைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தவள். தகரத்துக்கு அடியில் மாவு அரை நாளில் புளித்துப் பொங்கிவிடும். அதனால் வெயில் ஏறும்முன் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் மருதமரத்தடியில் ஈரமணல் பரப்பி வைப்பாள், சாயங்காலம் வரை மாவு கெடாமல் இருக்கும். அந்த நிழல் இல்லாவிட்டால் அவள் அடுப்பு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் கூட்டம் நடக்கிற இடத்துக்குப் போய், ஓரமாக நின்று, "எனக்கும் ஒரு நாள் குடுங்க அண்ணாச்சி" என்று கேட்டாள்.

"வாடகைக்கு இருக்குதவங்களுக்கு மண்டகப்படி ஏதுளா?" என்றார் அண்ணாச்சி. கோபமாகச் சொல்லவில்லை, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் அவளுக்கு ரொம்ப வலித்தது.

பரிவட்டம் புதிதாக இருந்தவரை எல்லாம் நன்றாக ஓடியது. அப்புறம் ஐப்பசி மழை வந்தது, ஒருவருக்குச் சளி, ஒருவருக்கு மூட்டு, ஒருவர் மகனுக்கு மலேசியாவில் வேலை கிடைத்து வழியனுப்பப் போகவேண்டும். நாள் முழுக்க நிற்கவேண்டும், இருக்கவேண்டும், ஒண்ணுக்குப் போகவேண்டுமென்றால் சுற்றிச் சேலை கட்டி வாளி வைக்கவேண்டும். மரியாதை காலையில் கொஞ்ச நேரந்தான், மீதி நாள் முழுக்க மரந்தான் என்பது ஒவ்வொரு வீடாகப் புரியத் தொடங்கியது. மேளக்காரர்கள் வருவது நின்றது. பிறகு ஒருநாள் அண்ணாச்சி தானே பின்கட்டுக்கு வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "உலகு, நீ அன்னைக்குக் கேட்டேல்லா. எனக்கு மனசே கேக்கலை. எங்க வீட்டு நாளையே உனக்குத் தாரேன்" என்றார்.

"யம்மா, வேண்டாம்மா" என்றாள் பேச்சி, அவர் போனதும். "கேட்டப்போ குடுக்காதவங்க கேக்காதப்போ குடுக்காங்கன்னா யோசிக்கணும்."

உலகம்மாள் யோசிக்கவில்லை. மனுசருக்கு மரியாதை என்பது பசி மாதிரி, வெகுநாள் கிடைக்காமல் கிடந்தால் முதலில் வருகிற தட்டில் கையை விட்டுவிடுவார்கள். மறுநாள் அவளுக்காக மேளத்தைக்கூடத் திரும்ப வரவழைத்தார்கள். ஒரு பொம்பளை தலையில், அதுவும் பின்கட்டு உலகம்மாள் தலையில், பட்டுப் பரிவட்டம். தெருப் பெண்கள் குலவை போட்டார்கள். அவள் வலது கையை மரத்தில் வைத்தாள். உள்ளங்கைக்கு அடியில் தண்ணீர் ஏறிற்று, குளிர்ந்து, நிதானமாக, கீழேயிருந்து மேலே, மேலேயிருந்து இன்னும் மேலே. அவளுக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில் வந்த அழுகைதான். அதை மறைக்கவேண்டியதில்லை.

மறுநாள் நல்லபெருமாள் வீட்டு முறை. விடிந்தது, வெயில் ஏறியது, யாரும் வரவில்லை.

நல்லபெருமாள் வீடு பூட்டிக் கிடந்தது. அவர் முந்தின வாரமே மூட்டு வைத்தியத்துக்கென்று கோயம்புத்தூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணாச்சி போன் போட்டார். "வாரேன் வாரேன், அடுத்த வாரம் வாரேன்" என்றார் நல்லபெருமாள். அப்படியென்றால் அடுத்த வீட்டுக்காரரை வைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு அவர் குரல் உயர்ந்தது. "என் நாளை எவனாவது தொட்டான்னா வந்து கேஸ் போடுவேன், சொல்லிட்டேன். எங்கப்பா காலத்துல இருந்து எங்க உரிமையை நாங்க விட்டுக்குடுத்ததில்ல."

பாருங்கள், இதுதான் மருதடித் தெருக்காரர்கள் செய்த தப்பு, அவர்களால் மட்டுமே செய்ய முடிந்த தப்பு. காவலுக்கு நிற்கிற வேலையை உரிமை என்று ஆக்கிவைத்தார்கள். வேலையென்றால் ஒருவன் வராவிட்டால் இன்னொருவன் செய்யலாம். உரிமையென்றால் வராதவனுடையதை வந்தவன் தொடமுடியாது. அதற்கடுத்த வீட்டார் வந்து பார்த்து, "எங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா, இப்பமே வச்சிருவோம். ஆனா நல்லபெருமாள் மாமா நாளு நடுவுல நிக்கே" என்று தலையைச் சொறிந்தார்கள். அவர்களுக்கு அடுத்தவர்களும் அதையே சொன்னார்கள். சொல்லும்போது எல்லோர் முகத்திலும் துக்கம் இருந்தது, துக்கத்துக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. நல்லபெருமாள் வருகிற வரையில் யாருக்கும் முறை வராதல்லவா.

அவளைக் கைவிட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிடமுடியாது. நாற்காலி போட்டார்கள். மழைக்குத் தார்ப்பாய் கட்டினார்கள். ஒரு வீட்டிலிருந்து வயர் இழுத்து மின்விசிறி வைத்தார்கள், இன்னொரு வீட்டிலிருந்து போன் சார்ஜர். தீபாவளிக்குப் புதுச்சேலை வந்தது, கார்த்திகைக்குப் பொரியுருண்டை வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பரீட்சைக்குப் போகையில் அவள் இடது கையால் விபூதி பூசிக்கொண்டு போனார்கள். உலகு என்று கூப்பிட்டவர்கள் உலகம்மா என்றார்கள், அப்புறம் அம்மா என்றே கும்பிட்டார்கள். உள்ளங்கையைத் தவிர அத்தனையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். தபால்காரர்கூட அவள் பெயருக்கு வருவதை மரத்தடியில் கொடுத்துவிட்டுப் போனார். அவளோ கும்பிடுகிறவர்களின் தலைக்கு மேலே தெருமுனையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். ஆட்டோ சத்தம் கேட்டால் கழுத்து தானாகத் திரும்பும். நல்லபெருமாளாக இருக்குமோ. இராது. மழை போய் பனி வந்து, பனி போய் வெயில் வந்து, மரம் பழைய இலையை உதிர்த்துப் புது இலை விட்டது, அவளுடைய கழுத்து மட்டும் அந்தப் பக்கமே திரும்பி நின்றது.

பேச்சுத்துணை என்று இருந்தது சவரிமுத்து மட்டும். மேலிடத்துப் பதில் வராததால் அவரும் வண்டியோடு கிடந்தார். அவரும் அங்கே மாட்டிக்கொண்டவர்தான், கையை யாரும் பிடிக்கவில்லையே தவிர. ஒருநாள் அவள் கேட்டாள், "என் கை எடுத்ததும் அறுத்திருவீங்களாண்ணே?"

"அறுக்கச் சொன்னா அறுக்கணும் தங்கச்சி" என்றார் அவர். "நான் அறுக்கலைன்னா வேற ஆள் அறுப்பான்." சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மாவு ஆட்டுவது, விற்பது, தாய்க்குச் சோறு ஊட்டுவது எல்லாம் பேச்சியின் தலையில் விழுந்தது. உலகம்மாள் முதல் நாளே பேச்சியிடம் கோலமாவை வாங்கி, மரத்தைச் சுற்றித் தன் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கோடு போட்டு, "இதைத் தாண்டி வந்தே, எங்கிட்ட பேசக்கூடாது" என்று சொல்லியிருந்தாள். மழை அழித்தால் மறுபடி போடுவாள். பேச்சி கோட்டுக்கு வெளியே குத்தவைத்து, கையை நீட்டி, உருண்டை உருண்டையாக ஊட்டுவாள். தாய்க்குத் தெரியும். உலகத்தில் தனக்காகக் கையைக் கொண்டுவந்து வைக்க ஒரே ஒரு ஆள் உண்டு, அந்த ஆள் கோட்டுக்கு அந்தப்பக்கம் சோற்றுத்தட்டோடு உட்கார்ந்திருக்கிறது, அந்தக் கை மட்டும் இந்த மரத்தில் படவே கூடாது. மற்ற எல்லாவற்றையும் அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. இரவில் கண்ணை மூடினால் வருகிற பயம் அது ஒன்றுதான்.

ஆவணியில் பேச்சிக்கு மதுரையில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. திங்கட்கிழமை காலையில் போய்ச் சேரவேண்டும். விடுதியில் தங்கிப் படிப்பு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தோளில் பையும் கையில் சோற்றுச்சட்டியுமாக வந்தாள். தெருவில் பாதிப் பேர் வழியனுப்ப நின்றார்கள். சவரிமுத்து வண்டிப்படியில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தார்.

"நான் போவலைம்மா" என்றாள் பேச்சி.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. கிளம்பு."

"நான் போயிட்டா உனக்குச் சோறு யாரு ஊட்டுவா? உன் தலையை யாரு சீவுவா?"

"அதுக்கெல்லாம் தெருவே இருக்குட்டி."

"தெரு இருந்த லட்சணந்தான் தெரியுதே" என்று சொன்ன பேச்சி சட்டியைக் கீழே வைத்தாள். பையை இறக்கினாள். பிறகு யாரும் நினைக்காத வேகத்தில் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து, மரத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

உலகம்மாளின் கை விடுபட்டது. இத்தனை மாதமாக அவள் சாமி சாமியாக வேண்டிய காரியம். தோளிலிருந்து ஒரு மலை இறங்கினதுபோல இருந்தது. கை அவளுடைய கையாக இல்லாமல் காற்றில் தானாக மிதந்தது. ஒரு மூச்சு விட்டிருப்பாள். அடுத்த மூச்சுக்குள் அவள் புத்தி என்ன என்று கேட்கும்முன் அந்தக் கையே திரும்பிப் போய் மரத்தில் அடித்து உட்கார்ந்தது. பேச்சியின் கை விடுபட்டது. பேச்சி மறுபடி வைத்தாள். தாய் மறுபடி வைத்தாள். சிறுபிள்ளைகள் கைமேல் கை வைத்து விளையாடுவார்களே, அப்படி, தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் மூச்சு வாங்க, மாற்றி மாற்றி. கடைசியில் வலது கை மரத்தில் இருக்கையில் உலகம்மாள் இடது கையை ஓங்கி மகளின் கன்னத்தில் ஒன்று விட்டாள். அவள் பிறந்ததிலிருந்து பட்ட முதல் அடி.

"வரவேண்டியவங்க ஒருத்தரும் வரலை" என்றாள் உலகம்மாள். "வரக்கூடாத நீ மட்டும் வாரியேட்டி."

பேச்சி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். தெருவும் அழுதது. பெத்த மனசு, பெத்த மனசு என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "நல்லபெருமாளுக்கு இன்னொரு போன் போட்டுப் பாக்கேன்" என்று அண்ணாச்சி சட்டைப்பையைத் தடவினார்.

அப்போது சவரிமுத்து பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். எழுந்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, கோலமாவுக் கோட்டை மிதித்துவிடாமல் காலைத் தூக்கிவைத்து உள்ளே வந்து, உலகம்மாளின் கைக்குப் பக்கத்தில் தன் காய்த்த கையை மரத்தில் வைத்தார்.

"பிள்ளையைப் பஸ் ஏத்திட்டு வா தங்கச்சி" என்றார்.

உலகம்மாளின் கை விடுபட்டது. பிறகு அண்ணாச்சி, "யோவ், யாருய்யா நீ? இது நல்லபெருமாள் அண்ணன் நாளு! வீடுமில்ல வரியுமில்ல, வெளியூர்க்காரன், மரம் அறுக்க வந்தவன், நீ எப்பிடிக் கைவைக்கலாம்?" என்று கத்தினார். ஆளாளுக்குப் பேசத் தொடங்கினார்கள். சவரிமுத்து அவர்கள் பக்கம் திரும்பவேயில்லை. அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், வாய் லேசாகத் திறந்திருந்தது. "ஏறுதே" என்றார் மெதுவாக. "இத்தனை வருசமா இதைத்தானா அறுத்துக்கிட்டிருந்தேன்."

உலகம்மாள் மகளின் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். நடை அவளுக்கு மறந்துபோயிருந்தது. வலது கை விரித்தபடியே நின்றது, மடக்கினால் மடங்கவில்லை, உள்ளங்கையில் பட்டையின் வரிகள் அப்படியே இருந்தன. பேச்சி அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் வெட்டின மரங்களின் அடிக்கட்டைகள், வெயிலுக்கு ஒதுங்க ஒரு சாண் இடம் இல்லை.

மதுரை வண்டி கிளம்புகிற முறுக்கில் நின்றது. பேச்சி ஏறி சன்னலோரம் உட்கார்ந்தாள். சட்டென்று மறுபடி எழுந்து வாசலுக்கு வந்து தாயின் தோளைப் பிடித்தாள்.

"நீயும் ஏறும்மா. இப்பிடியே வந்திரு. அங்க ஒரு ரூம் எடுப்போம், மாவு ஆட்டிக்கலாம். அந்த ஆளு யாரோ எவரோ, மரம் அறுக்க வந்தவருதான? நமக்கென்ன?"

"ஏறுங்கம்மா, சீட்டு கிடக்கு" என்றார் கண்டக்டர்.

உலகம்மாள் ஒரு காலைப் படியில் வைத்தாள். அவள் ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால் நான் அவளைக் குறை சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லக்கூடாது. தெரு அவளுக்குச் செய்ததற்கு அவள் திரும்பிப் பார்க்காமல் போயிருந்தாலும் கணக்கு தீராது. இரண்டாவது காலையும் தூக்கினாள். அப்போது அவளுக்குத் தெருமுனை ஞாபகம் வந்தது. அதாவது, மரத்தடியில் இருந்து பார்த்தால் தெரிகிற தெருமுனை. ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் திரும்புகிற கழுத்து. இப்போது அந்தக் கழுத்து சவரிமுத்துவினுடையது. அவருக்குச் சோறு ஊட்ட மகள்கூட இல்லை.

காலை இறக்கினாள். "ஒழுங்காப் படி" என்றாள். "அடிச்சது வலிக்காட்டி?" பேச்சி தலையை ஆட்டினாள், இல்லை என்றா ஆமாம் என்றா தெரியவில்லை. வண்டி போயிற்று. அது வளைவில் மறைகிற வரைக்கும் நின்றுவிட்டு, அவள் திரும்பி நடந்தாள். மரம் விட்ட பிறகும் போகமுடியவில்லையே என்று அவளுக்குத் தன்மேல் எரிச்சலாக வந்தது, அழுகையும் வந்தது. வழியில் நின்று ஒருமுறை நன்றாக அழுதுவிட்டுத்தான் தெருவுக்குள் வந்தாள்.

மரத்தடியில் கூட்டம் இன்னும் கலையவில்லை. அந்நியன் கை பட்டதற்குப் பரிகாரம் செய்யவேண்டுமா, செய்தால் செலவு நல்லபெருமாளோடதா சங்கத்தோடதா என்று வாக்குவாதம் நடந்தது. சவரிமுத்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவளைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, தன் முகத்தை இப்படிப் பார்க்க ஒருவருக்கும் வாய்க்கவில்லையே என்று நினைத்தாள். நேரே போய்க் கையை வைத்தாள். தண்ணீர் ஏறிற்று. சவரிமுத்துவின் கை விடுபட்டது.

"சாப்பிடலைல்லா நீங்க? போய்ச் சாப்பிட்டுட்டு வாங்கண்ணே" என்றாள். பிறகு, தான் கெஞ்சுகிறோம் என்று தெரிந்தே கெஞ்சினாள். "வராம இருந்துராதீங்க."

அவர் தலையை ஆட்டினார். வண்டியிலிருந்த ரம்பம் இனி ஓடாதபடி அதன் சங்கிலியைக் கழற்றிச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு, பாலத்துப் பக்கம் நடந்து மறைந்தார்.

"அவன் இனி எங்க வரப்போறான்?" என்றார் அண்ணாச்சி. "விட்டுது தொல்லைன்னு ஊருக்கு பஸ் ஏறிருப்பான். நாளைக்கு வேற ரம்பக்காரன் வந்து நிப்பான், பாரு." பிறகு குரலைத் தணித்து, கையிலிருந்த பட்டுப் பரிவட்டத்தை விரித்தார். "நீ திரும்பி வந்தியே தாயி, நீதான் இந்தத் தெருவுக்குத் தெய்வம். குனி, கட்டிவிடுதேன்."

உலகம்மாள் இடது கையால் அதை வாங்கினாள். பேச்சி வைத்துவிட்டுப் போன சோற்றுச்சட்டி வெயிலில் திறந்து கிடந்தது. அந்தப் பட்டுத்துணியை நாலாக மடித்து அதன்மேல் போட்டாள். "ஈ மொய்க்குது" என்றாள்.

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. வக்கீல் ராமசுப்பு மட்டும் கொஞ்சம் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு, மரத்தையும் அவளையும் பார்த்தபடி நின்றான், போகவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை.

அவள் காத்திருந்தாள். ஒரு ஆட்டோ வந்தது, அது வேறு யாரோ. ஒரு சைக்கிள், அது பால்காரர். மகளின் வண்டி இப்போது எந்த ஊரைத் தாண்டும் என்று யோசித்தாள். வெயில் சாய்ந்தது, மரத்தின் நிழல் நீண்டு வாய்க்காலைத் தாண்டிப் போயிற்று, உள்ளங்கைக்கு அடியில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. வரமாட்டார் என்று ஒரு மனம் சொன்னது. எதற்கு வரவேண்டும், அவருக்கென்ன மண்டகப்படியா இருக்கிறது என்று அதே மனமே கேட்டது. அவள் கழுத்து தெருமுனைப் பக்கம் திரும்பியது.

பாலத்துக்கு இந்தப் பக்கம், துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், சவரிமுத்து வந்துகொண்டிருந்தார்.